2009 முதல் 2014 வரை

ஒரு பக்கத்துக்குள் வாழ்க்கைக் குறிப்பு வேண்டும்
என்று கேட்டிருந்தீர்கள், பிரபாவதி.
ஆண்டு வாரியாக எழுதி அனுப்பினேன்.
கும்பகோணத்தில் ஓவியப் படிப்பு.
சென்னையில் ஒரு குழுக் கண்காட்சி,
கழிப்பறைக்குப் போகும் வழியில் என் படம்.
அப்புறம் ஒரு பள்ளம்.
பென்சிலால் அதை வட்டமிட்டு
கேள்விக்குறியோடு திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

திருப்பூரில் இருந்தேன்.
ஒரு பனியன் கம்பெனியின் மூன்றாம் மாடி,
சாம்பிள் பிரிவு.
குழந்தை உடைகளுக்கு யானை வரைந்தேன்.
முயல், திமிங்கிலம், தொப்பி போட்ட கரடி.
கரடிக்கு ஏழு நிறம் கொடுத்திருந்தேன்.
"ஏழு கலரு கட்டாதுங்க அம்மிணி,
நாலுக்குள்ள முடிங்க" என்றார்
முதலாளி நாச்சிமுத்து,
காசோலையில் கையெழுத்துப் போட்டபடியே,
நிமிராமல்.

நான் நீலம் என்று நினைத்ததை
டென்மார்க்கிலிருந்து ஒரு பெண் நிராகரிப்பாள்:
இன்னும் கொஞ்சம் தூக்கக் கலக்கமான நீலம் வேண்டும்.
பட்டறையில் மூன்று துண்டு நனைத்துத் தருவார்கள்.
ஏ, பி, சி.
சி-க்கு ஒப்புதல் வரும்.
ஏ-யும் பி-யும் வாய்க்காலில் இறங்கி
நொய்யல் பக்கம் போயின,
யாருடைய ஒப்புதலும் கேட்காமல்.
அதையும் நான் பார்த்தேன்.
பார்த்துவிட்டு மாடியேறி
திமிங்கிலத்துக்குச் சிரிப்பு வரைந்தேன்.

பதினொன்றில் பட்டறைகளுக்குப் பூட்டு.
துணி லாரியேறி எங்கெங்கோ போய்
சாயம் தோய்ந்து வந்தது.
அந்த வருடத்து யானைகளுக்கெல்லாம்
காய்ச்சல் கண்ட சாம்பல்.

இரவில் எனக்காக வரைந்தேனா என்று கேட்பீர்கள்.
இல்லை.
இரவில் கரண்ட் இருக்காது.
இருந்தால் ஷிப்மென்ட் இருக்கும்.
தயவுசெய்து இதைத் தியாகம் என்று எழுதிவிடாதீர்கள்.
சம்பளம் நல்ல சம்பளம்.
ஸ்கூட்டி வாங்கினேன்.
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
பன்னீர் பிரியாணி தின்றுவிட்டுத் தூங்கினேன்.

பிறகுதான் ஆறடிக் கித்தான்கள்.
நிறங்களில் துறவு என்று ஒருவர் எழுதினார்.
கீழைத்தேய மௌனம் என்று இன்னொருவர்.
நாலுக்குள் முடிப்பது
அதற்குள் கைப்பழக்கம் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

நேற்று கோயமுத்தூர்க் கூடத்தில்
படங்களை மாட்டிக்கொண்டிருந்தோம்.
தரை துடைக்க வந்த துளசிமணி
இடுப்பிலிருந்து பையனை இறக்கிவிட்டாள்.
அவன் நெஞ்சில் என் யானை.
யாரோ நகலெடுத்து இன்னமும் ஓட்டுகிறார்கள்.
காது உடம்பைவிட்டு அரை விரற்கடை
தள்ளி அச்சாகியிருந்தது.
மூன்றாவது ஸ்கிரீன் நகர்ந்திருக்கிறது
என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.
இரண்டாவதாக எதுவும் தோன்றவில்லை,
வெகுநேரம்.

"சந்தைல நூறு ரூவாய்க்கு மூணுங்க.
காது தனியாப் பறக்குதுன்னு
இதைய மட்டும் கழட்டவே உடமாட்டீங்கறான்."

ஆகவே பிரபாவதி,
அந்த வருடங்களுக்கு நேரே இப்படிப் போடுங்கள்:

யானை.
பருத்தி மேல் நான்கு நிறம்.
அளவு, பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம்.
பிரதிகள் எண்ணப்படவில்லை.
கையொப்பம் கிடையாது.
காது, என்னுடையது அல்ல.
இருப்பிடம்:
தற்போது பதினான்காம் எண் ஓவியத்தின்
விலைச்சீட்டைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது.

— மகுடேஸ்வரி