எண்பத்தெட்டு

எல் ஆல்ட்டோவிலிருந்து லா பாஸுக்கு இறங்கும்
சிவப்புக் கேபிள் காரில் பத்து நிமிடம்.
பத்து நிமிடத்துக்குப் பதினாறு கேள்வி,
அது எங்கள் கணக்கு.
தேர்வுக்கு இன்னும் ஒரே ஓர் இறக்கம்தான் பாக்கி.

பெட்சபே கேட்பாள். ரோமுலோ உளறுவான்.
நான் கண்ணாடியில் மூச்சுவிட்டு
அந்த ஆவியில் விரலால் விடை எழுதுவேன்.

பொட்டாசியம்?
மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில்.
நீர்க்காமல் நேரே நரம்பில் ஏற்றலாமா?
ஏற்றலாம், ஜெயிலுக்குப் போக நீ தயாரென்றால்.
இரண்டு இன்சுலினைக் கலக்கும்போது?
தெளிந்தது முதலில், கலங்கியது பிறகு.
டிஜாக்சின் கொடுக்கும் முன்?
நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து
முழுசாக ஒரு நிமிடம் எண்ணு.
அறுபதுக்குக் கீழென்றால் மாத்திரையை நிறுத்து,
டாக்டரைக் கூப்பிடு.
அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் என்ன?
கூடாது. தப்பித் துடிக்கிற துடிப்பு
நீ எண்ணாமல் விட்ட அரையில்தான் ஒளிந்திருக்கும்.
(சொன்னது ரோமுலோ.
நூறு உளறலுக்கு நடுவே
அவனிடமிருந்து இப்படி ஒன்று விழும்.)

கல்லறைத் தோட்டத்தின் மேலே போகையில் மட்டும்
கேள்வி கிடையாது. யாரும் வகுத்த விதியில்லை.
கீழே அடுக்கடுக்காய்ச் சுவர் மாடங்கள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடிக் கதவு,
உள்ளே காகிதப் பூ, சிலவற்றில்
செத்தவருக்குப் பிடித்த குளிர்பானத்தின் குட்டிப் பாட்டில்.

அந்த மௌனத்தில்தான் எதிர் இருக்கை அம்மாள்
தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:
"விரலில் மாட்டும் அந்தக் கவ்வி, என்ன விலை?"

டோன்யா செனோபியா, சந்தை வியாபாரி.
வண்ணத் துணிமூட்டையில்
பனியில் காயவைத்த உருளைக்கிழங்கு, ஒரு சுமை.
விற்பதற்கல்ல என்று சொல்லி அவர் விரலில் மாட்டினோம்.
எண்பத்தெட்டு.

"தொண்ணூற்றைந்துக்குக் குறைவு,
ஆக்சிஜன் கொடுக்கவும்" என்றாள் பெட்சபே,
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள்.
"எவ்வளவு?"
"நிமிடத்துக்கு இரண்டு லிட்டர்."
"விலையைக் கேட்டேன் மகளே.
இந்த மூட்டையோடு காலையில்
இருநூறு படி ஏறியபோது
சும்மாதானே கொடுத்தார்கள்?"

பெட்டி முழுக்கச் சிரிப்பு. ஆளுக்கு ஆள் மாட்டிப் பார்த்தோம்.
நான் எண்பத்தேழு. ரோமுலோ எண்பத்தொன்பது.
பெட்சபே எழுபத்து நான்கு.

சிரிப்பு நின்றது.
எனக்கு வாயில் வந்ததெல்லாம் பொட்டாசியம்தான்.
ரோமுலோ பக்கம் புரட்டினான்.
டோன்யா செனோபியா புரட்டவில்லை.
பெட்சபேயின் உதட்டைப் பார்த்தார்,
பிறகு அவள் கையைப் பிடித்து, "ஐஸ்" என்றார்.
இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துத்
தேய்த்தார், தேய்த்தார்,
நிலையம் வரும்வரை.
எண்பத்தாறு.

கேள்வி முப்பத்து நான்கு:
வயது நாற்பது, மூச்சு பதினாறு, தெளிவாகப் பேசுகிறார்,
ஆக்சிஜன் எண்பத்தெட்டு. முதலில் செய்ய வேண்டியது?
அ. ஆக்சிஜன் தொடங்கு.
ஆ. மருத்துவரை அழை.
இ. தலைமாட்டை உயர்த்து.

கடலே இல்லாத நாட்டில்
கடல்மட்டத்துக்கு எழுதிய கேள்வி.
எங்கள் தலைமாட்டைத்தான் எப்போதோ
நாலாயிரம் மீட்டர் உயர்த்தியாகிவிட்டதே!
'எந்த ஊர்க்காரர்?' என்று கேட்க ஒரு கட்டம் இல்லை.
ஆ என்று குறித்தேன். அழித்தேன்.
அ என்று குறித்தேன். எனக்கு வேலை வேண்டும்.
ஓரத்தில் மட்டும், திருத்துபவர் கண்ணில் படாத அளவில்:
கை சூடாக இருந்ததா?

திரும்பி ஏறுகையில் பெட்டியில் நான் மட்டும்.
விரலில் கவ்வி.
கீழே தொண்ணூற்றொன்று.
கல்லறைக்கு மேலே தொண்ணூறு, நான் பேசவில்லை.
சந்தைக் கூரைகள் தெரியத் தொடங்கியதும்
எண்பத்தொன்பது, எண்பத்தெட்டு.
எண்பத்தேழு வந்தபோது
எழுந்து பையை மாட்டிக்கொண்டேன்.
கதவு திறந்தது.