செல்லாத நாலணா

தொண்ணூறடிச் சாலையில் என் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
கிழிந்த ஸ்பீக்கர் கூம்பு ஒன்றைக்
கதவில் ஆணியடித்திருக்கிறேன்.
தாராவியில் அது போதும்.

பாட்டைக் கேட்டு ஊர் சொல்கிறவர்கள் இருக்கலாம்.
நான் கிழிசலைப் பார்த்துச் சொல்வேன்.
விளிம்பு ரப்பர் சுற்றிலும் விட்டுப்போயிருந்தால்
பீகார்க்காரரின் டெம்போ.
ட்வீட்டர் மட்டும் கருகியிருந்தால்
போரிவலி, ஒன்பது இரவு, கர்பா.
நடுமூடி உள்ளே குழிந்திருந்தால்
குழந்தை விரல்.
அதற்கு மாநிலம் இல்லை.

செம்பூர் சபாக்காரர் கொண்டுவருவதில்
எதுவுமே கிழிந்திருக்காது.
"லேசா ஒரு இரைச்சல் இருக்கு பாருங்கோ" என்பார்.
எனக்குக் கேட்காது.
உச்சத்தில் ஒலிக்கும் எதற்கும்
என் வலது காது
பன்னிரண்டு வருஷம் முன்பே ஷட்டரை இறக்கிவிட்டது,
இடது காது அதன் பங்காளி.

மேல் ஸ்தாயி முழுக்க இக்லாக் பொறுப்பு.
ஆசம்கர் பையன்.
அவன் ஊர்க் காதுக்குச் சரியாக வைத்தால்
மாட்டுங்காவில் பல் கூசும்.
தினமும் ஒரு சண்டை,
பிறகு டீ.

கீழ் ஸ்தாயி என்னுடையது.
கூம்பின் நடுவில் செல்லாத நாலணா ஒன்றை வைப்பேன்.
அது துள்ளும் உயரத்தைக்
கண்ணால் கேட்பேன்.

பஞ்சாபிக் கல்யாணத்துக்கு அரை விரல்.
வர்சோவா கோளிகளின் மஞ்சள் இரவுக்கு ஒரு விரல்,
படகு மாதிரி பக்கவாட்டு ஆட்டமும் வேண்டும்.
டெம்போவுக்குக் காசு எகிறித் தரையில் விழ வேண்டும்,
விழாவிட்டால் கூலி வராது.
சபாவுக்குக் காசு தூங்கும்.
மூச்சு விடுகிறதா என்று
குனிந்து பார்க்க வேண்டும்.

தீபாவளி கழிந்த வாரம்
இரண்டு பெட்டிகள், ஒரே கறுப்பு, ஒரே பதினைந்து அங்குலம்.
ஒன்று நம் தெருக்கோடி சர்ச்சின் பாடகர் குழுவுக்கு.
இன்னொன்று ஜுஹு கரையில் சட் பூஜைக்கு,
ராம்தனி பாஸ்வான் கேட்டது.
சீட்டு ஒட்டினேன்.
மழையில்லாத மாதத்தில் எப்படியோ
சீட்டு நனைந்திருந்தது.
இக்லாக் டீ கிளாஸை அங்கே வைக்கவே இல்லையாம்.

ஞாயிறு ஒன்பதரைக்கு ஜெபதாஸ் போன்:
"அண்ணே, முதல் சங்கீதம் ஆரம்பிச்சதுமே
ஜன்னல் கண்ணாடி ஆமென் சொல்லுது.
பாட்டி ஒருத்தங்க வெளிய போய் உக்காந்துட்டாங்க.
இன்னிக்கே மாத்திக் குடுங்க."

ராம்தனியிடமிருந்து போனே இல்லை.
ஒரு நாள், இரண்டு நாள்.
போன் வராத வாடிக்கையாளர்
நேரில் வருவார், ஆளோடு வருவார்.
நான்காம் நாள் நானே போனேன்,
ஜோகேஷ்வரி, தண்டவாளத்தை ஒட்டிய சந்து.

பெட்டி கட்டில்மேல் இருந்தது,
மெத்தை விரித்து.
"கரையில மானம் போச்சு" என்றார்.
"பக்கத்துக் கோஷ்டி சிரிச்சான்.
வயிறே இல்லாத பெட்டி."
"மன்னிக்கணும், கையோடு எடுத்துப் போறேன்" என்றேன்.
அவர் அசையவில்லை.
போனை இணைத்தார்.
அதே பாட்டு. ஆறு வருஷமாக
டெம்போவில் அலறியது.
சத்தம் குறைவு,
பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி
உரிப்பதை நிறுத்தினாள்.

"இப்ப, இரண்டாவது அடிக்கு முன்னால" என்று விரல் தூக்கினார்,
"பாடுறவ மூச்சு வாங்குறா.
கேட்டுதா?"

சட்டைப்பைக்குள் நாலணா இருந்தது.
எடுத்து வைத்தாலும் அது தூங்கும்.
அவர் விரல் இன்னும் இறங்கவில்லை.
கட்டிலின் இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவள்,
நடுவில் எனக்கு இல்லாத ஒரு மூச்சு.

"கேட்டுது" என்றேன்.

"அப்ப விடுங்க, இதுவே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் போன் அதிர்ந்தது. ஜெபதாஸ்.
அதோடு உரசிக்கொண்டு
பைக்குள் நாலணா
என்னவோ பாடியது,
எந்த ஊர் என்று பிடிபடவில்லை.
நாலைந்து மணி
அடிக்க விட்டேன்.