ஒரு வாரிக்காம்பு தூரம்

மார்ச் கடைசியில் சங்கத்துக்குக் காகிதம் வந்தது:
ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர்.
அளக்க டேப் யாரிடமும் இல்லை.
முழங்கால் சேற்றில் நின்றபடி
டொசிண்டாதான் சொன்னாள்,
பல்வாரியின் காம்பு ஒன்றே முக்கால்,
பல்லையும் சேர்த்தால் கணக்குச் சரி.
அன்றிலிருந்து இந்தக் கலீசியக் கரையில்
அதுதான் சட்டம்.

நான் மட்டி பொறுக்குகிறவள் இல்லை.
எடைக்காரி.
வற்றம் முடிந்து பெண்கள் ஏறி வரும்போது
வாளியை வாங்கித் தராசில் வைத்து
முள் நிற்கும் வரை பொறுத்திருந்து
நோட்டில் எழுதுகிறவள். இருபத்தாறு வருஷம்.

முகக்கவசத்தில் ஆள் தெரியவில்லை என்று
ஊரே புலம்பியது.
எனக்கு வாளி போதும்.
பிடியில் நீலத் துணி சுற்றியிருந்தால் ஊஷியா.
விளிம்பு நசுங்கியது சபேலா.
அடியில் எப்போதும் ஒரு கை சேறு,
அது ஷெனெரோசா.
கேட்டதில்லை. இருநூறு கிராம்
சத்தமில்லாமல் கழித்துக்கொள்வேன்.

பள்ளிக்கூடம் நின்றது. பேருந்து நின்றது.
மாதா கோயில் கதவில் பூட்டுத் தொங்கியது.
வற்றம் மட்டும்
நாளுக்கு ஐம்பது நிமிஷம் பிந்தி
வேலைக்கு வந்தது.
நகரங்களில் இரவு எட்டுக்குக் கைதட்டுகிறார்கள் என்றார்கள்.
நாங்களும் ஒருநாள் தட்டிப் பார்த்தோம்.
வீட்டுக்கு வீடு தூரம் இங்கே.
நாய்கள்தான் பதில் சொல்லின.

மாட்ரிடில் உணவகங்கள் மூடிக் கிடந்தன.
அது தெரியாமல் மட்டிகள் மண்ணுக்குள் கொழுத்தன.
பத்துக் கிலோ மூன்றானது,
தினமும் என்பது ஒருநாள் விட்டு ஒருநாள்.
வேன் கண்ணாடியை விரல் அகலம் இறக்கி
பாதி விலை என்றான் எலாடியோ.
டொசிண்டா ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்து
வாளியை நீரில் கவிழ்த்தாள்.
சபேலா பாதி விலையை வாங்கிக்கொண்டாள்.
அவள் புருஷன் நமீபியாவுக்கு அப்பால் கப்பலில்,
எந்தத் துறைமுகமும் இறங்கவிடவில்லை.
அவளை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஏப்ரல் பாதியில் அமான்சியோ போனான்.
டொசிண்டாவுக்குப் புருஷன்,
ஷெனெரோசாவுக்குத் தம்பி.
ஒரு யூகலிப்டஸ் தோப்பின் எல்லைக்கல்லுக்காக
அண்ணியும் நாத்தியும் பேச்சை நிறுத்தி
அப்போது பதினோரு வருஷம்.

புதைக்க மூன்று பேருக்குத்தான் அனுமதி.
தாளோடு என்னிடம் வந்தாள்,
உன் கையெழுத்துத்தான் வாசிக்கிற மாதிரி இருக்கும் என்று.
முதல் கோட்டில் தன் பெயர்.
மகன் ஸ்விட்சர்லாந்தில், எல்லை மூடியிருந்தது.
பேனாவோடு காத்திருந்தேன்.
ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்,
அவளைப் போடு.
மூன்றாவது கோடு காலியாகவே போனது.

கல்லறை வாசலுக்கு வெளியே நின்று பார்த்தேன்.
இருவருக்கும் நடுவே
சரியாக ஒரு வாரிக்காம்பு.
பேசினார்களா தெரியாது.
துணிக்குப் பின்னால் உதடு அசைந்தால்
யாருக்குத் தெரியும்?
நல்ல வெயில். எரிச்சலூட்டுகிற அளவுக்கு நல்ல வெயில்,
சுவரோரம் கோர்ஸ் பூ மஞ்சளாய்க் கொட்டிக் கிடந்தது.

அடுத்த வற்றத்துக்கு டொசிண்டா வந்தாள்.
வீட்டில் இரு என்றார்கள்.
வீட்டில் என்ன இருக்கிறது என்றாள்.

ஷெனெரோசா வாளியை வைத்தாள்.
மூன்று கிலோ நூறு.
அன்றைக்குச் சேற்றைக் கழிக்க மனம் வரவில்லை.
முழுசாக எழுதினேன்.

ஒரு காம்பு தள்ளி, வரிசையில் இருந்து
ஒரு குரல்:
"இருநூறு கழி. அடியில் சேறு வைப்பாள்,
அவள் அம்மாவும் அப்படித்தான்."

என் பேனா நின்றது.
கரை முழுக்க ரப்பர் பூட்ஸ்கள் நின்றன.
ஷெனெரோசா மெல்லத் திரும்பி
செத்தவர்கள் இருக்கும் திசையில் சொல்லக்கூடாத
ஒரு வார்த்தை சொன்னாள்,
கூடவே, நீ கவிழ்த்த வாளிக்குக் கடல் காசு கொடுத்ததா என்று.

அதற்கு டொசிண்டா ஏதோ சொன்னாள்.
அதற்கு இவள் ஏதோ சொன்னாள்.
மற்றவர்கள் வாளியோடு காத்திருந்தார்கள்.
நீர் ஏறத் தொடங்கிவிட்டது,
தராசின் காலை நனைத்தது.
எழுதியதை அடித்துவிட்டு எழுதினேன்:
இரண்டு கிலோ தொள்ளாயிரம்.