வெட்டில்லாத நாள்

அருமனையில் அதிகாலை மூணு மணி.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
ரப்பர் வெட்டுகிறேன்.
தபாலில் வந்த தத்துவப் பாடத்தில்
ஒரு கிரேக்கக்காரி சொல்கிறாள்:
காதல் தேவனல்ல,
இல்லாமை பெற்ற பிள்ளை,
செருப்பு கிடையாது,
படுப்பது அடுத்த வீட்டு நடையில்.

சரிதான்.
எனக்கும் வார் அறுந்து ஒரு வாரம்.

இன்னொருத்தன் சொல்கிறான்:
ஆதியில் எல்லாரும் உருண்டை,
நடுவே பிளந்துவிட்டார்கள்.
சக்கைப்பழம் மாதிரி என்று எழுதிவைத்தேன்.
அந்த அரக்கு எண்ணெய் போட்டாலும் போகாது.

ஓடைக்கு அந்தப்பக்கத் தோட்டத்தில்
மரத்துக்கு மரம் மறைந்து தெரியும்
விஜிலாவின் விளக்கு.
ஒரு வார்த்தை பேசினதில்லை.

ராத்திரி முழுக்க மழை.
இன்று வெட்டு இல்லை.
மூணு மணிக்கு விழித்து,
சும்மா,
ஓடைக்கரையில் போய் நின்றேன்.

அக்கரையில் வெளிச்சம்.
அவளுக்கும் இன்று வெட்டு இல்லை.