குளிர்நீருக்கு இளகுவது

கோட்லா யார்வே. ஜனவரி.
எழுநூற்று எழுபது பாகையில் உப்பு
தண்ணீர்போல் கிடக்கிறது உலைக்குள்,
செம்மஞ்சளாய், ஒன்றும் அறியாததுபோல்.
அதன்மேல் ஒரு குழாய் விடாமல் ஊதுகிறது:
எண்ணெய்ப்பாறை ஆலையின் புகைபோக்கியில்
பிடித்து வந்த காற்றை.
அந்த ஆலையில் பதினோரு வருடம்
சாம்பல் அள்ளியவள் நான்.

நான்கு மணி நேர மின்சாரம்.
பிறகு சங்கிலியை இழுத்துத் தகட்டைத் தூக்குகிறோம்.
போனது பித்தளை. வந்தது
சேற்றில் புரண்டு எழுந்த நாய்.
‘கறுப்பு வந்துவிட்டது’ என்றாள் ஊர்வே.
யாரும் கைதட்டவில்லை.
தராசுக்குத் தெரியும்
பத்தில் ஒன்றுதான் கரி.
மற்றதெல்லாம் உப்பு,
சிக்குப் பிடித்த கூந்தலில் ஈரம்போல
இழைக்கு இழை புகுந்து
உறைந்துபோன உப்பு.

முதல் மாதம் அமிலம் ஊற்றினோம்.
ஒரே நொடி. குவளை பொங்கி வழிந்தது.
உப்பு ஓடிப்போனது, கரி தங்கியது,
தார்மோ அறிக்கையில் ‘வெற்றி’ என்று எழுதினான்.
நுரைக்குள் இருப்பது எது என்று கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
மறுபடி துடைத்தான்.
புகைபோக்கியில் பிடித்த அதே காற்று
உலை கடந்து, உப்பாகி, இங்கே வந்து
சன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.
வாசனை இருந்தாலாவது
வெட்கப்பட்டிருப்போம்.

இந்த உப்புக்குத் தலைகீழ்க் குணம்.
சர்க்கரை வெந்நீருக்கு இளகும்.
லித்தியம் உப்போ கொதிநீரைக் கண்டால் இறுகும்,
குளிருக்குத்தான் கொஞ்சம் மனமிறங்கும்.
அதுவும் கொஞ்சம்தான்:
நூறு கிராமுக்கு ஏழு லிட்டர்.

வெளியே பனி இருக்கிறதே, உருக்கினால் ஆயிற்று
என்றான் தார்மோ.
ஒரு வாளி அள்ளி வந்து காட்டினேன்.
அடியில் கறுப்புப் பொடி, மிளகு தூவியதுபோல்.
நாங்கள் செய்யாத கரி.
அதனால் காய்ச்சி வடித்த நீரையே
கேன் கேனாகச் சுமந்துபோய்ப்
பனியில் கழுத்துவரை புதைத்தோம்.
காலையில் தோண்டி எடுத்தோம்.

கழுவு. வடிகட்டு.
காகிதம் நனைத்துப் பார். நீலம்.
கழுவு. இன்னும் நீலம்.
ஐந்தாம் முறையில் விரல்கள் என்னுடையவை அல்ல.
எட்டாம் முறையில் ஊர்வே வானொலியை அணைத்தாள்.
உப்புக்குப் பெறாத வேலை என்று யாரோ முனகினார்கள்,
நானாகவும் இருக்கலாம்.
பதினொன்றாம் முறை
காகிதம் காகிதமாகவே இருந்தது.

வடித்த நீரைக் கொதிக்க விட்டோம்.
வெளுத்து, கலங்கி, அடியில் படிந்து
உப்பு திரும்பி வந்தது.
நூறில் தொண்ணூற்று மூன்று, மறுபடி உலைக்கு.
மீதி ஏழு?
வடிதாளில் கொஞ்சம். தார்மோவின் சட்டைக்கையில் கொஞ்சம்.
என் விரல் வெடிப்புகளில் கொஞ்சம்,
அது எரிவதால் தெரியும்.

உலர்ந்த கரி ஒரு தேநீர்க் கரண்டி.
தும்மாதீர்கள் என்று எழுதி ஒட்டினோம்.
தார்த்துவிலிருந்து நுண்ணோக்கிப் படம் வந்தபோது
மணி நான்குதான், ஆனால் இருட்டிவிட்டது.
குழாய்கள்.
சில நேராக, பல முறுக்கிக்கொண்டு,
ஓரத்தில் வெங்காயம்போல் தோல் தோலாகச் சில,
அவை எதற்கென்று எவருக்கும் தெரியாது.
ஒரு குழாயின் உள்ளே, அடைத்த நுனிக்குப் பின்னால்,
இன்னும் ஒரு துளி உப்பு.
தார்மோ அதைப் பெரிதாக்கிப் பார்த்தான்.
பன்னிரண்டாம் முறை பற்றி
அவன் வாய் திறப்பதற்குள்
ஊர்வே கோட்டை மாட்டிக்கொண்டாள்.

பேருந்தில் ஆலைக்காலத்துத் தோழி கபிதோலினா
என் கன்னத்தைக் காட்டிச் சிரித்தாள்:
‘ஸோயா, அப்போதெல்லாம் சாம்பல் நிறம்தானே பூசி வருவாய்?’
முகத்தில் கரியோடு வீடு வந்தேன்.
வெந்நீர்க் குழாயைத் திறந்த கை
தானாகக் குளிர்நீர்ப் பக்கம் திரும்பியது.
தேய்த்தேன்.
கரி கேட்கவில்லை.
அதற்குக் குளிரும் ஒன்று, கொதிப்பும் ஒன்று.
துண்டில் துடைத்தேன்.
துண்டில் இருக்கிறது இப்போது.