பதினேழாம் கேள்வி

விண்ணப்பம் பச்சைத் தாளில், பதினொரு பக்கம்.
பலாலி விமான நிலையத்தில்
பயணப் பொதிகளைத் திரையில் பார்க்கிற வேலை.
பெயர், பிறந்த இடம்,
இடம்பெயர்ந்திருந்த முகவரிகள் –
ஒரு வரி போதாமல் ஒட்டுத்தாள் வைத்தேன்.
வெளிநாட்டில் உறவினர் –
அதற்கும் ஒட்டுத்தாள்.
பதினேழாவதில் பேனை நின்றது.

'தங்களுக்கு நிலுவைக் கடன்கள் உளவா?'

கொழும்பில் யாரோ மொழிபெயர்த்த தமிழ்.
உண்டா என்றுதான் கேட்கிறார்கள், தெரியும்.
ஆனாலும் உளவு என்ற சொல்லை
எங்கள் பக்கத்தில் ஒருவரும்
உரத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

உள.
தம்பியின் ஓட்டோவுக்கு லீசிங்,
பிணைக் கையெழுத்து என்னுடையது.
ஓட்டோ கம்பனி வளவில் மழையில் நிற்கிறது.
தம்பி கட்டாரில் நிற்கிறான்,
போன் எடுக்கிறானில்லை.
செவ்வாய்க்கிழமைக் குழுவில் ஐந்து பேர்.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்டவேணும்.
யசிந்தா கட்டவில்லை.
ஏன் என்று கேட்க ஆசுப்பத்திரிக்குப் போனோம்,
தோடம்பழம் கொடுத்துவிட்டு வந்தோம்.
பிறகு, வேலும்மயிலும் அண்ணையின் கடைக் கொப்பி:
பாண், பருப்பு, பால்மா, றீலோட்,
முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்.

லீசிங்கையும் குழுவையும் எழுதினேன்.
கிறிப் அறிக்கையில் எப்படியும் வரும்.
கொப்பியை எழுதவில்லை.
கடைக் கொப்பியை எந்த அரசாங்கம் வாசிக்கப்போகுது?

நேர்முகத்தில் அதிகாரி
மரியாதையாகத்தான் கேட்டார், தட்டுத் தமிழில்.
"கடன் பிழையில்லை தங்கச்சி, எனக்கும் இருக்கு.
கட்டாத கடனுக்கு ஒருநாள் ஆள் வரும்.
வாற ஆள் காசு கேக்காது.
ஒரு பொதியை மட்டும் பாக்காமல் விடச் சொல்லும்."
மாதம் எட்டாயிரம் கட்டும் பற்றுச்சீட்டுகளை நீட்டினேன்.
ஒவ்வொன்றாகப் புரட்டினார்.
"நல்லம். வேற?"
"வேற இல்லை."

பத்து நாள் கழித்து
அச்சுவேலிச் சந்திக்கு மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர்.
விதானையிடம் கேட்டார்கள். முன்வீட்டில் கேட்டார்கள்.
கடையில் பிளேன்ரீ குடித்தபடியும் கேட்டார்கள்.
நான் அரிசி மூட்டைக்குப் பின்னால்
தேங்காய் தெரிந்துகொண்டு நின்றேன்.

"பவதாரணியோ? அந்தப் பிள்ளை
ஒரு சதம் கடன் வைக்காது."

சொல்லும்போது அண்ணையின் கை
கொப்பியின் மேல் இருந்தது,
பூனையைத் தடவுவதுபோல.

அனுமதி வந்தது. கழுத்தில் அட்டை.
முதற்சம்பளத்தில் முப்பத்தெட்டாயிரத்தையும்
எண்ணி, றப்பர்பான்ட் போட்டு, கொண்டுபோனேன்.
அவர் கொப்பியை விரித்துக் காட்டினார்.
என் பக்கம் இல்லை.
கிழித்த இடத்தில் தையல் நூல் மட்டும்.

"உமக்கென்ன கடன் பிள்ளை?
அப்ப நான் அவையளுக்குப் பொய்யே சொன்னனான்?"

சிரித்தார். காசைத் தொடவில்லை.
போகும்போது ஐந்து முட்டை சுற்றித் தந்தார்.
அதையும் எழுதவில்லை.

இன்றுவரை அவர் ஒன்றும் கேட்டதில்லை.
நல்ல மனுசன், ஊரே சொல்லும்.
அவருடைய மருமகன் சீலை வியாபாரம்,
மாதம் இருமுறை சென்னைக்குப் போய்வருவான்.
நேற்று அவனுடைய பொதி திரையில் ஊர்ந்தது.
செம்மஞ்சளாய்த் துணி, துணி,
நடுவில் ஒரு தகரப் பேணி, துணி.
பட்டியை நிறுத்தினேன்.
பின்னோக்கி ஓட்டினேன். மறுபடி நிறுத்தினேன்.
வரிசை முணுமுணுத்தது.
திறக்கச் சொன்னேன்.

பயற்றம்பணியாரம்.

ஒன்றை உடைத்தும் பார்த்தேன்.
பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பூ.
அவனுக்குக் கோபமில்லை.
பேணியை என் பக்கம் தள்ளினான்:
"எடுங்கோ அக்கா.
நீங்கள் நிண்டால் குடுக்கச் சொல்லி
மாமா சொன்னவர்."

கையுறையோடு நின்றேன்.
அந்தக் கேள்விக்குக் கீழே
ஒன்றரை வரிதான் இடம் விட்டிருந்தார்கள்.