வியாழன், இரண்டு கோடு

புதன் தடுப்பூசி. வியாழன் மனசு.
அஞ்செட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில்
எனக்குக் கிழமை தெரிவது இப்படித்தான்.

இரும்புச்சத்து மாத்திரை வந்த அட்டைப்பெட்டி இரண்டை அடுக்கி
அதன்மேல் டேப்பைச் சாய்த்துவைப்பேன்.
தேன்கனிக்கோட்டைப் பக்கம் பார்த்த ஜன்னலில் மட்டும்
சிக்னல் இரண்டு கோடு.
தூறினால் ஒன்று.
மலைமேல் மேகம் உட்கார்ந்துவிட்டால்
சென்னையில் டாக்டர் நிலோஃபர்
பாதிச் சொல்லோடு நின்றுவிடுவார்.

சௌபாக்யாவுக்கு எட்டு வயது.
நான்கு வியாழனாக வருகிறாள்.
அத்தை தக்காளிக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு
"பேசவே மாட்டேங்கிறா மேடம்,
ஊசி ஒண்ணு போட்டு விடுங்க" என்பாள்.
ஊசி இல்லாதது வைத்தியமில்லை அவளுக்கு.

கேஸ் ஷீட்டில் என் கையெழுத்து:
தாய் தந்தை பெங்களூரில் கட்டட வேலை.
தம்பி, இரண்டரை வயது, கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி.
பள்ளி இல்லை. பேச்சு இல்லை.
டம்ளரில் தண்ணீர் கொடுத்தால்
கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறாள்.
கடைசி வரி நானாகச் சேர்த்தது.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை,
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.

டாக்டர் கேட்பார்:
நாய்க்குட்டி இருக்கா, காலையில என்ன சாப்பிட்டே.
படம் வரையச் சொல்வார்.
அவள் க்ரேயான்மேல் சுற்றிய காகிதத்தை உரித்து உரித்து
மேசையில் வரிசையாக வைப்பாள்.
சிவப்பு, பச்சை,
பிறகு மறுபடியும் சிவப்பு.

அன்றைக்கும் கோடு போனது.
திரையில் டாக்டர் வாய் சற்றே திறந்து
ஒரு கண் பாதி மூடி
தும்மப் போகிறவர்போல.
ரௌட்டரைத் தட்டப் போன நேரம்
பாம்பு கடித்த ஒருவரை பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள்.
திரும்பி வந்தபோது
கதவிலேயே நின்றேன்.

நாற்காலியில் முட்டி போட்டு ஏறி
அசையாத அந்த முகத்துக்கு மிக அருகில்
சௌபாக்யா சொல்லிக்கொண்டிருந்தாள்.
"நானு நோட்லில்லா."
நான் பார்க்கவில்லை.
அரூர்க்காரி நான்,
இரண்டு வருஷம் ஊசி போட்டுப் போட்டுக் கற்ற கன்னடம்.
"மூடி தெறந்திருந்துச்சு.
பந்து அங்கதான் உருண்டுச்சு.
நான் அரிசி களைஞ்சிட்டிருந்தேன்.
நானு நோட்லில்லா."

கோடு வந்தது. டாக்டர் தும்மவில்லை.
"ஹலோ, கேக்குதா?" என்றார்.
அவள் ஒழுங்காக உட்கார்ந்து
சிவப்பை உரிக்க ஆரம்பித்தாள்.

சொல்வதா வேண்டாமா?
ஊசிக்கழிவு டப்பாவை மூடும்வரை யோசித்தேன்.
கேட்காத முகத்துக்கென்று சொன்னது அது.
ஒட்டுக்கேட்டவள் நான்.
சாயங்காலம் என் போனிலிருந்தே அழைத்துச் சொன்னேன்.
டாக்டர் வெகுநேரம் பேசவில்லை.
இங்கேயும் நெட்வொர்க் போய்விட்டதோ என்று பார்த்தால்
அவர் வீட்டுக் குக்கர் விசிலடித்தது.

அடுத்த வியாழன் சுள்ளென்று வெயில்.
மூன்று கோடு. இந்த ஜன்னலில் நான் கண்டதே இல்லை.
டாக்டர் வணக்கம் சொன்னார்.
கலைந்த சடையைப் பற்றி ஏதோ கேட்டார்.
பிறகு நின்றுவிட்டார்.
வாய் சற்றே திறந்து, ஒரு கண் பாதி மூடி.

டேப்பைத் தட்டக் கை நீட்டினேன்.
அவருக்குப் பின்னால்
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கையை எடுத்துக்கொண்டேன்.

சௌபாக்யா விசிறியைப் பார்த்தாள்.
டாக்டரைப் பார்த்தாள்.
திரும்பி என்னையும் ஒருமுறை.
அவளுக்குத் தெரிந்துவிட்டது,
என் ஒரு மாதச் சம்பளத்தைப் பந்தயம் கட்டுவேன்.
க்ரேயானைக் கீழே வைத்தாள்.
முட்டி போட்டு ஏறினாள்.

வெளியே வந்து
தக்காளிக் கூடையருகே அத்தையோடு நின்றேன்.
"ஊசி போட்டாச்சா மேடம்?"
"போட்டுக்கிட்டிருக்காங்க."